நாலாவது ஆள்

எங்கள் வீட்டுப் படம் எதை எடுத்தாலும் அதில் சம்பந்தமில்லாத ஒருவர் இருப்பார். அம்மா, நான், தங்கை, இந்த மூன்று பேர்தான் குடும்பம். மூன்று பேராகப் படம் எடுத்துக்கொண்டால் நடுவில் இருப்பவருக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் பலரும் சொல்வார்கள். சொல்லிவிட்டு மறந்தும் போவார்கள். அம்மா மட்டும் மறக்க மாட்டாள். யாராவது கேமராவைத் தூக்கினால் போதும், நாலாவது ஆளைத் தேடிக் கிளம்பிவிடுவாள். மயிலம் கோயில் படிக்கட்டில் எடுத்த படத்தில், முன்பின் தெரியாத பூக்காரம்மா ஒருத்தி எங்கள் தோளில் கைபோட்டுச் சிரிக்கிறாள். தங்கை நர்ஸிங் படிப்பை முடித்த அன்று எடுத்ததில் கல்லூரி வாட்ச்மேன் மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி விறைப்பாக நிற்கிறார். ஒரு பொங்கலுக்கு ஆளே கிடைக்காமல் பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியை இழுத்துவந்து நிறுத்தினாள். கன்றுக்குட்டி கணக்கில் சேருமா சேராதா என்று அதன்பிறகு ஒரு வாரம் அவளுக்கு ஒரே யோசனை.

இதில் பெரிய கூத்து, நான் போட்டோ எடுத்துப் பிழைக்கிறவள். திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் என் ஸ்டுடியோ இருக்கிறது. ஊரார் குடும்பத்தையெல்லாம் உட்காரவைத்து எடுக்கிறவளுக்குத் தன் குடும்பத்தை எடுக்க வக்கில்லை என்று தங்கை கிண்டல் செய்வாள். கிண்டல்தான், ஆனால் உண்மை. அது என்னை உள்ளே குத்திக்கொண்டே இருந்தது.

ஸ்டுடியோ வைப்பதற்கு முன் விழுப்புரத்தில் ஒரு கடையில் ஆறு வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கல்யாண ஆல்பம் தயாரிக்கிற வேலை. கண்டாச்சிபுரத்துப் பொண்ணு மாப்பிள்ளைக்குப் பின்னால் பனிமலையை வைப்பேன். மூடிய கண்ணை எடுத்துவிட்டு வேறு படத்திலிருந்து திறந்த கண்ணைக் கொண்டுவந்து ஒட்டுவேன். கறுப்பாக இருப்பவர்களைச் சிவப்பாக்குவதற்கு என்னிடம் தனியாக ஒரு அளவே இருந்தது. ஒரு நாள் ஆல்பம் வாங்க வந்த அம்மா ஒருவர் கடைசிப் பக்கம் வரை நிதானமாகப் புரட்டிவிட்டு, "எல்லாம் சோக்காத்தான் கீதும்மா. எங்க பொண்ணு எங்க?" என்று கேட்டார். அவர் கேலி பண்ணவில்லை, நிஜமாகவே தேடினார். என் மூஞ்சியைக் கொண்டுபோய் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த மாசத்தோடு வேலையை விட்டேன்.

சொந்தமாகக் கடை போட்டபோது ஒரு வைராக்கியம் வைத்துக்கொண்டேன். என்ன மாயம் காட்டினாலும் அது கேமராவுக்கு முன்னால், ஷட்டர் திறந்து மூடுவதற்குள் நடக்க வேண்டும். எடுத்த பிறகு வெட்டுவதும் ஒட்டுவதும் கிடையாது. மஞ்சள் நீராட்டுக்குப் படம் எடுக்க வரும் பெண்களை இருட்டில் அசையாமல் நிற்கவைத்து, ஷட்டரைத் திறந்தே வைத்துக்கொண்டு, அவர்கள் முதுகுக்குப் பின்னால் டார்ச்சால் காற்றில் இறக்கை வரைவேன். கண்ணாடி வளையலை லென்ஸுக்கு முன்னால் பிடித்தால் முகத்தைச் சுற்றி வண்ணம் விழும். எவர்சில்வர் தட்டில் விளக்கை அடித்தால் சுவரில் தண்ணீர் அசையும். "இதெல்லாம் போன்ல ஒரு ஆப்புல போட்டா ரெண்டு செகண்டுல வருதுக்கா" என்று சொல்பவர்கள் உண்டு. வரட்டும். இறக்கை முளைத்த பெண் கேமராவின் பின்பக்கத்தில் அந்த நிமிஷமே தன்னைப் பார்த்து வாயைப் பிளக்கிறாளே, அதை எந்த ஆப்பும் எனக்குக் கொடுக்காது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவள் என்று உறவில் எனக்குப் பெயர். அம்மாவுக்கும் அதே பெயர்தான்.

போன வருஷம் தங்கைக்கு ஓமானில் நர்ஸ் வேலை கிடைத்தது. அதுவரை புதுச்சேரியில் வேலை பார்த்தவள், வாரம் தவறாமல் கிளியனூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துபோவாள். இனி இரண்டு வருஷத்துக்கு வர முடியாது. வெள்ளிக்கிழமை விமானம். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பெட்டி கட்டிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்க்காமலே என்னிடம் சொன்னாள்.

"க்கா, அங்க ரூம்ல மாட்டிக்க ஒரு போட்டோ வேணும். நாம மூணு பேரு மட்டும். பூக்காரம்மா, வாட்ச்மேன் யாரும் வேணாம்."

"எடுத்துடலாம்" என்றேன்.

வாசலில் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் காதில் அது விழுந்துவிட்டது. "அதெல்லாம் ஒண்ணும் வேணாம். தனித்தனியா எடுத்துக்கினு போங்க" என்றாள்.

அம்மாவின் பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. எனக்கு இரண்டரை வயதில் என்னை விழுப்புரத்துக்கு அழைத்துப்போய் ஒரு ஸ்டுடியோவில் படம் எடுத்தார்கள். அப்பா நடுவில் நாற்காலியில், அம்மா ஒரு பக்கம், நான் மறுபக்கம் ஸ்டூல் மேல். அப்பாவுக்கு அதில் இஷ்டமில்லை, அம்மாதான் ஆசைப்பட்டு இழுத்துக்கொண்டு போனாள். நாலு மாசம் கழித்து மோட்டார் கொட்டகையில் கரண்ட் அடித்து அப்பா செத்துப்போனார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் சாவு வீட்டில் வைத்தே அத்தை அம்மாவைப் பார்த்து, "போட்டோ ஆசையில புருஷன முழுங்கிட்டியேடி" என்று சொன்னாளாம். படத்தை அப்பாவோடு சேர்த்துக் குழியில் போட்டுவிட்டார்கள். அத்தை சொன்னதை அத்தையே மறந்திருப்பாள். அம்மா இருபத்தாறு வருஷமாக அதைச் சுமந்துகொண்டு திரிகிறாள்.

இதெல்லாம் தெரிந்தும் அன்று எனக்குக் கோபம் வந்தது. போகப்போகிறவள் கேட்பது ஒரே ஒரு படம். அதைக் கூடக் கொடுக்க முடியாதென்றால் நான் எதற்கு இந்தக் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன்? பல வருஷமாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்த வாதம் ஒன்று என்னிடம் இருந்தது. அதை எடுத்து வீசினேன்.

"ஏம்மா, அந்தப் போட்டோ எடுக்கறப்போ இவ உன் வயித்துல ரெண்டு மாசம்னு நீதானே சொல்லுவ? அப்போ மூணு பேரு இல்ல, நாலு பேரு. கணக்கே தப்பு."

அம்மா உரிப்பதை நிறுத்தினாள். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். தங்கை கூடப் பெட்டியை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"வயித்துல இருக்கிறது போட்டோவுல தெரியுமாடி? போட்டோவுல யாரு தெரியறாங்களோ அதான் கணக்கு" என்றாள் அம்மா. கையில் இருந்த மல்லாட்டையை உடைத்துப் பருப்பை முறத்தில் போட்டாள்.

மறுநாள் காலையில் ஸ்கூட்டரில் திண்டிவனத்துக்குப் போகும்போது, கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்றின் பின்னால் ஊர்ந்துகொண்டு, அந்த வாக்கியத்தையே மென்றுகொண்டிருந்தேன். போட்டோவில் யார் தெரிகிறார்களோ அதுதான் கணக்கு. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். நாலு பேரைத் தெரியவைத்துவிட்டால்? அந்த நாலாவது ஆளும் எங்களிலேயே ஒருத்தியாக இருந்துவிட்டால்? ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்கிற படத்தை வாடிக்கையாளர்களுக்கு எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன். தன்னோடு தானே கேரம் ஆடுகிற மாப்பிள்ளை எல்லாம் என் கடையில் உண்டு. டிராக்டரை முந்தும்போது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொன்னேன்.

"ஒரே ஆளு ரெண்டு எடத்துலயா? யாரு?"

"நான்தான். ரெண்டு கடைசியிலயும் நான். நடுவுல நீயும் அவளும்."

"அப்போ நடு ஆளு யாரு?"

"நாலு பேருல நடு ஆளு ஏதும்மா?"

அம்மா விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். இடமிருந்து ஒரு தடவை, வலமிருந்து ஒரு தடவை. "ஒட்டு வேலையா?" என்று கேட்டாள்.

"ஒட்டு இல்ல. உன் எதிர்லயே ரெண்டு தடவ ஒக்காருவேன். கேமரா ஒரே தடவதான் எடுக்கும்."

"செய்யி, பாக்கலாம்" என்றாள். மோடி வித்தைக்காரனைப் பார்க்கிற பார்வையோடுதான் சொன்னாள், ஆனாலும் சம்மதம் சம்மதம்தான்.

திட்டம் இதுதான். ஸ்டுடியோவை முழு இருட்டாக்கிவிட வேண்டும். பின்னால் கறுப்புத் துணி, உட்காரும் பெஞ்சுக்கும் கறுப்புத் துணி. இடது பக்கம் ஒரு ஃபிளாஷ், அது இடது பாதியில் மட்டும் விழ வேண்டும். வலது பக்கம் இன்னொன்று, அது வலது பாதிக்கு மட்டும். கேமராவின் ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டு நான் இடது கடைசியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். கையில் இருக்கும் ரிமோட்டை அழுத்தினால் இடது ஃபிளாஷ் ஒரு மின்னல். பிறகு இருட்டிலேயே எழுந்து, கேமராவுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டுபோய், வலது கடைசியில் தங்கை பக்கத்தில் உட்காருவேன். வலது ஃபிளாஷ் ஒரு மின்னல். ஷட்டரை மூடினால் நாலு பேர். கேட்கச் சுலபமாக இருக்கும், செய்தால் பேஜாரு. இடது வெளிச்சம் துளி வலது பக்கம் சிந்தினாலும் அங்கே காலி பெஞ்சு பதிவாகிவிடும். அப்புறம் அதே இடத்தில் நான் உட்கார்ந்தால், என் வயிற்றின் வழியாகப் பெஞ்சு தெரியும்.

இரண்டு நாள் தண்ணீர் கேன்களை வைத்துப் பழகினேன். ஒரு கேனுக்கு அம்மாவின் புடவை, இன்னொன்றுக்குத் தங்கையின் துப்பட்டா. வெளிச்சம் சிந்தாமல் நேராகப் போவதற்கு ஜூஸ் கடையில் காகித ஸ்ட்ரா வாங்கி, கறுப்புச் சாயம் அடித்து, தேன்கூடு மாதிரி ஒட்டி ஃபிளாஷ் வாயில் கட்டினேன். ஜன்னல் இடுக்குகளில் துணியைத் திணித்தேன். புதன்கிழமை மதியம் இரண்டு கேன்களுக்கும் இரு பக்கமும் நான் இரண்டு பேராகத் தெளிவாக உட்கார்ந்திருந்தேன். அந்த மாதிரி சந்தோஷம் எனக்கு வந்து நாளாகியிருந்தது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு இரண்டு பேரையும் அழைத்துவந்தேன். அம்மா மெரூன் புடவை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள். விளக்கை அணைத்து முதல் படத்தை எடுத்ததும் அதில் குறுக்கே சிவப்பாக ஒரு புள்ளி. இன்வெர்ட்டரின் விளக்கு. தங்கை தன் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதன்மேல் ஒட்டினாள். இரண்டாவது படத்தில் நான் பாதிதான் இருந்தேன். மூன்றாவதில் அம்மாவுக்கு இரண்டு முகம். ஒன்று நேராகக் கேமராவைப் பார்த்தது, இன்னொன்று வலது ஃபிளாஷின் சிதறலில் மங்கலாக, பக்கவாட்டில் திரும்பியிருந்தது. நாலு, ஐந்து, ஆறு, எல்லாவற்றிலும் அதே இரண்டு முகம்.

"திரும்பாதன்னு சொன்னா கேக்க மாட்டியாம்மா?" என்று கத்தினேன்.

"நீ பாட்டுக்கு இருட்டுல ஓடற. ஒயரு தடுக்கி வுழுந்து மண்டைய ஒடச்சிக்கினா? அதான் பாக்கறேன்."

"இருட்டுல என்னா தெரியும்னு பாக்கற?"

"தெரியலன்னாலும் பாக்காம இருக்க முடியுமா?"

வெளிச்சத்தை அடக்கலாம், அம்மாவின் கழுத்தை அடக்க முடியாது. கடைசியில் ஒரு வழி தோன்றியது. நடக்கும்போது வாயால் சொல்லிக்கொண்டே நடந்தேன். "எழுந்துட்டேம்மா. கேமரா ஸ்டாண்ட தாண்டிட்டேன். ஒயர தாண்டிட்டேன். பெஞ்சு வந்துடுச்சு. ஒக்காந்துட்டேன்." அம்மாவின் முகம் அதன்பிறகு திரும்பவில்லை. தங்கைதான் ஒரு தடவை சிரித்துக் கெடுத்தாள், இன்னொரு தடவை என் துப்பட்டா நழுவியது. விடுவேனா? அம்மா "போதும்டி, பசிக்குது" என்று சொல்லியும் விடவில்லை. பதினாலாவது படம் விழுந்தது.

கேமராவிலிருந்து பெரிய திரையில் போட்டேன். நாலு பெண்கள் ஒரே பெஞ்சில். இடது கடைசியில் நான், அடுத்து அம்மா, அடுத்து தங்கை, வலது கடைசியில் மறுபடி நான். ஒட்டின தடமே இல்லை. ஒரு இடத்திலும் துணி ஊடே தெரியவில்லை. தங்கை கையைத் தட்டினாள். எனக்கு மார்பு விம்மியது. இருபத்தாறு வருஷத்துப் பயத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன் என்று தலைக்கனமாகவே நின்றேன்.

அம்மா திரைக்குப் பக்கத்தில் போய் விரல் வைத்துப் பார்த்தாள். "இது நீ. இது நான். இது அவ. இதுவும் நீ." திரும்பவும் முதலிலிருந்து வந்தாள். பிறகு தங்கையிடம், "அங்க ரூமுல இத பாத்தா என்னா கேப்பாங்க?" என்றாள்.

"உங்கம்மாவுக்கு மூணு பொண்ணுங்களான்னு கேப்பாங்க" என்று தங்கை சிரித்தாள்.

அம்மா சிரிக்கவில்லை. "எனக்கு ரெண்டு பொண்ணுதான்" என்றாள். "ரெண்டயும் ஒண்டியா நின்னு வளத்தேன். யாரு கேட்டாலும் ரெண்டுன்னுதான் சொல்லிக்கினு வந்தேன். இதுல மூணு கீது."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "போட்டோவுல தெரியறதுதான் கணக்குன்னு நீதானே சொன்ன? அதுக்குத்தானே ரெண்டு நாளா நான் இந்தப் பாடு படறேன்?"

"சொன்னேன். நல்லாத்தான் கீது, நான் இல்லன்னு சொல்லல. கெட்டிக்காரிதான் நீ" என்றாள். அப்படியே திரும்பிப் போய்ப் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தாள். புடவை முந்தானையைச் சரி செய்துகொண்டாள். இரண்டு பக்கமும் பெஞ்சைக் கையால் தட்டினாள். "வாங்கடி. ஆளுக்கு ஒரு பக்கம் ஒக்காருங்க. இப்ப எடு."

"ம்மா, நடுவுல நீ..."

"தெரிஞ்சுதான் ஒக்காந்துகீறேன். உங்க ரெண்டு பேர்ல யாரையும் நடுவுல வுட மாட்டேன். நான் ஒக்காரலாம்னா, நீங்க ஆளாவற வரைக்கும் நான் இருந்தாவணுமே? இப்ப ஒருத்தி கட வச்சிட்ட, ஒருத்தி ஃபாரின் போற. இனிமே எனக்கு இன்னா? ஜல்தி எடு, பசிக்குது."

பசிக்கிறது என்பதையும் இதையும் அவள் ஒரே குரலில்தான் சொன்னாள். அவள் நாலாவது ஆளைத் தேடி ஓடிய ஓட்டமெல்லாம் வெறும் மூடநம்பிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். எங்களுக்காக உயிரோடு இருக்க வேண்டிய வருஷங்கள் இத்தனை, அதுவரை நடுவில் உட்காரக் கூடாது என்று. அந்த வருஷங்கள் முடிந்துவிட்டதாக இப்போது அவளே தீர்மானித்துவிட்டாள்.

அறை விளக்கைப் போட்டேன். ஸ்ட்ராக் கூட்டைக் கழற்றினேன். ஒரே ஃபிளாஷ், ஒரே மின்னல், எந்த வித்தையும் இல்லாத படம். இடது பக்கம் உட்கார்ந்து ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டேன். கட்டைவிரல் பட்டன்மேல் இருந்தது, அழுத்த வரவில்லை. வாதம் பேசியது நான். காக்கையும் பனம்பழமும் என்று சொன்னது நான். மூன்று பேர் படத்துக்குப் பயப்படுகிறவர்களைப் பார்த்து மனசுக்குள் சிரித்தது நான். வலது பக்கத்தில் தங்கை அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"நீ நிமிருடி. ஓமான்ல எல்லாரும் உன் மூஞ்சப் பாக்கணும் இல்ல?" என்று அம்மா அவளை இடித்தாள். பிறகு நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டே என்னிடம், "எடுடி" என்றாள்.

அழுத்தினேன்.

அந்தப் படம் இப்போது ஓமானில் தங்கையின் கட்டிலுக்கு மேலே இருக்கிறது. தங்கை கண் சிவந்து சிரிக்கிறாள். அம்மா நடுவில், கல்யாணப் பொண்ணு மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். நான் கேமராவைப் பார்க்கவே இல்லை, அம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாடிக்கையாளர் யாராவது இப்படி உட்கார்ந்திருந்தால் இன்னொன்று எடுத்திருப்பேன். அன்று இன்னொன்று எடுக்க எனக்குத் தெம்பு இல்லை.

அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மல்லாட்டை பிடுங்கப் போகிறாள், சீரியல் பார்க்கிறாள், படுத்தால் அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறாள். எனக்குத்தான் நிம்மதி போய்விட்டது. அவள் இரண்டு தடவை சேர்ந்தாற்போல் இருமினால் வேலையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் போய் நிற்கிறேன். கடையில் இருக்கும்போது காரணமில்லாமல் போன் பண்ணிச் சாப்பிட்டாயா என்று கேட்கிறேன். போன வாரம் தலை சுற்றுகிறது என்று சொன்னாள். அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் உட்காரவைத்துவிட்டேன். வெயிலில் வெறும் வயிற்றோடு நின்றதுதான் காரணம் என்று டாக்டர் சொன்னார்.

வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறும்போது அம்மா என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஏண்டி, போட்டோ பயமா?"

"ஆமாம்மா" என்றேன்.